யார் பண்ணினது?
ரவா இட்லி பொட்டலத்தின் கதை

நம் அகங்களுக்கு வெளியிலிருந்து எந்தத் தின்பண்டம் வந்தாலும் அந்த நாளில் முதலில் எழுந்த கேள்வி, "இதில் என்ன சேர்த்திருக்கு?" என்பதல்ல. "யார் பண்ணினது?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் கிடைத்த பிறகே தட்டு உள்ளே போகும். இல்லாவிட்டால் அது கூடத்துத் திண்ணையோடு நின்றுவிடும். குழந்தைகள் மட்டும் சாப்பிடலாம் என்று ஒரு சலுகை சில அகங்களில் உண்டு.

இன்று அதே குடும்பங்களின் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். ரவா இட்லி மிக்ஸ், குலாப் ஜாமூன் மிக்ஸ், புளியோதரைப் பொடி, ரசப் பொடி, வெந்நீரில் போட்டால் பொங்கலாகிவிடும் பாக்கெட் என்று வரிசையாக நிற்கும். எழுபது வயது மாமியும் வாங்குகிறார், அமெரிக்காவில் இருக்கும் பேரனும் வாங்குகிறான். "யார் பண்ணினது?" என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. இவ்வளவு பிடிவாதமான ஒரு கேள்வி எப்படிக் காணாமல் போயிற்று? அந்தக் கதையை ரவா இட்லி பொட்டலத்தை வைத்துச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் சரித்திரம் படித்தவன் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆகையால் கதையில் கொஞ்சம் ரசாயனமும் கொஞ்சம் சட்டமும் கலந்திருக்கும். அங்கத்தினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலையடிவாரத்துக் கட்டுச்சாதம்

ஓய்வு பெற்ற பிறகு நான் குடியிருக்கும் சந்திரகிரி, 2022 ஏப்ரல் வரை சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இப்போது புதிய திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்தது. இங்கிருந்து சீனிவாச மங்காபுரம் கூப்பிடு தூரம். அங்கே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2388 படிகள் ஏறினால் திருமலை. காட்பாடி, பாகாலா மார்க்கமாக ரயிலில் வந்து இந்தப் பக்கமாக மலை ஏறிய பழைய தலைமுறையினர் நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார். அவர்கள் கையில் ஒரு மூட்டை இருக்கும். அதில் புளியோதரையும் தயிர்சாதமும், மறுநாளுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் இருக்கும்.

இதுதான் நம்முடைய முதல் 'ரெடிமேட்' உணவு. கெடாமல் இருப்பதற்கு அதில் இருந்த சூட்சுமத்தை நம் பாட்டிமார் பெயர் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் மிகுந்த இடத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்களால் பெருக முடியாது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்க வைப்பதால் தண்ணீர் வற்றிவிடுகிறது, மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. திருமலை லட்டு பல நாள் தாங்குவதற்கும் இதே மாதிரியான காரணம்தான். பூந்தியை நெய்யில் பொரிக்கும்போது ஈரம் போகிறது. மிச்சமிருக்கும் ஈரத்தைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை.

அப்பளம், வடாம், வற்றல், பருப்புப் பொடி எல்லாமே இந்த வகைதான். ஆகவே பொட்டல உணவு மேல்நாட்டிலிருந்து வந்த அனாசாரம் என்று சொல்வது பொருந்தாது. சேமித்து வைத்து வேண்டும்போது சாப்பிடுவது நமக்குப் பழக்கமான விஷயம். புதிதாக வந்தது ஒன்றே ஒன்று: முகம் தெரியாத ஒருவர் செய்ததை விலைக்கு வாங்கி நம் அடுப்பில் ஏற்றுவது. அந்தத் துணிச்சலை நமக்குத் தந்தது, சந்திரகிரியிலிருந்து சித்தூர், பலமநேர், முல்பாகல் வழியாகப் பஸ் போகும் பெங்களூர்.

பெயர்ப் பலகையில் இருந்த பதில்

உடுப்பிக்கு வடக்கே உள்ள பரம்பள்ளி என்ற ஊரைச் சேர்ந்த மையா சகோதரர்கள் பெங்களூருக்கு வந்து முதலில் சமையல் வேலை பார்த்தார்கள். பிறகு 1924-இல் லால்பாக் பக்கத்தில் ஒரு சிறிய காபி கடை போட்டார்கள். அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. அந்தக் காலத்துச் சென்னையிலும் கும்பகோணத்திலும் திருச்சியிலும் இருந்த 'பிராமணாள் காபி கிளப்' பலகைகளைப் போலத்தான் இதுவும். "யார் பண்ணினது?" என்று வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே பலகை பதில் சொல்லிவிடும்.

அந்தப் பதில் சிலருக்கு நிம்மதியைத் தந்தது, வேறு பலரை வாசலிலேயே நிறுத்தியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது ஷரத்து, ஹோட்டல்களில் ஜாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளீஸ் கபேயின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் நடத்திய போராட்டம் நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பற்றி அவரவருக்கு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் பெங்களூர் கடைக்காரர் அதற்குப் பல வருஷங்கள் முன்பே, யாரும் கேட்காமலே, வேறு ஒரு பதிலைத் தேட ஆரம்பித்துவிட்டார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

சகோதரர்களில் யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள உணவு விடுதிகளைப் பார்த்து வந்தார். ருசியைவிட அவரைக் கவர்ந்தது சுத்தம். திரும்பி வந்ததும் பாத்திரங்களையும் தட்டுகளையும் நீராவியில் கழுவ ஏற்பாடு செய்தார். சுகாதாரத்தைப் பற்றிச் சிறு புத்தகங்கள் அச்சிட்டார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறையைக் கண்ணால் பார்க்கலாம் என்று வைத்தார். கடையின் பெயரும் மாறியது. பேட்டையின் பெயரான மாவள்ளியைச் சேர்த்து 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' ஆயிற்று. அதுவே எம்.டி.ஆர். 1960-இல் இப்போதுள்ள லால்பாக் ரோடு கட்டடத்துக்கு வந்தது.

பெயர் மாறியதை வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பெரிய மாற்றமாகப் படுகிறது. "யார் பண்ணினது?" என்ற கேள்விக்கு முன்பு ஜாதி பதில் சொன்னது. இப்போது, "எப்படிப் பண்ணுகிறோம் என்று நீங்களே உள்ளே வந்து பாருங்கள்" என்று சமையலறை பதில் சொன்னது. முதல் பதிலை நம்பத்தான் முடியும். இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

அரிசி இல்லாத காலத்து இட்லி

ரவா இட்லி பிறந்ததற்கு யுத்தம் காரணம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. தென்னிந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது. இட்லிக்கு அரிசி இல்லையென்றால் டிபன் கடை நடத்த முடியாது. அப்போது எம்.டி.ஆர். சமையலறையில் கோதுமை ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்பது அந்த ஸ்தாபனத்தார் சொல்லிவரும் வரலாறு. ரவையை வறுத்து, தயிரும் சோடா உப்பும் சேர்த்து, கடுகு, இஞ்சி, கருவேப்பிலை தாளித்து, மேலே ஒரு முந்திரிப் பருப்பைப் பதித்து ஆவியில் வேகவைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அரிசி இட்லிக்கு உளுந்து வேண்டும், ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், இரவு முழுக்கப் பொங்க வேண்டும். ரவா இட்லிக்கு இவை எதுவும் வேண்டாம். கலந்த கால் மணியில் தட்டில் ஊற்றலாம். அரிசிப் பஞ்சத்துக்காகக் கண்டுபிடித்த பலகாரம், தன்னை அறியாமலே பொட்டலத்துக்குள் போகத் தயாராகிவிட்டது. பொட்டலம் பிறக்க இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

நெருக்கடி நிலையில் பிறந்த பொட்டலம்

1975 ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. விலைவாசியைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் ஹோட்டல் பண்டங்களுக்கும் விலைக் கட்டுப்பாடு வந்தது. பெங்களூரில் இட்லி, தோசை, காபிக்கு அரசாங்கம் விலை நிர்ணயித்தது. சுத்த நெய்யும் நல்ல காபிக்கொட்டையும் போட்டு அந்த விலைக்கு விற்றால் ஒவ்வொரு தட்டிலும் நஷ்டம். பல ஹோட்டல்கள் இட்லியின் அளவையும் நெய்யின் தரத்தையும் குறைத்துச் சமாளித்தன. எம்.டி.ஆர். குறைக்கவில்லை. அன்றன்றைய நஷ்டத்தைக் கணக்குப் போட்டு வாசலில் எழுதி வைத்தார்கள். சில நாட்கள் அப்படி நடத்திவிட்டுக் கடையை மூடினார்கள்.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாமானியனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் டிபன் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உத்தரவில் விலையை எழுதலாம், தரத்தை எழுதுவது கஷ்டம். விலையை மட்டும் கட்டினால், தரம் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போய்விடும். ரேஷன் அரிசியிலும் மண்ணெண்ணெயிலும் இதை நாம் பார்த்திருக்கிறோம்.

கடை மூடினால் அதில் வேலை செய்தவர்களின் கதி என்ன? அவர்களுக்குக் கைவேலை தெரியும். பொடி வறுக்கத் தெரியும், மசாலா அளவு தெரியும். அந்தக் கைகளைச் சும்மா விடாமல், பக்கத்திலேயே ஒரு கடை திறந்து ரவா இட்லி மாவு, சட்னிப் பொடி, ரசப் பொடி என்று பொட்டலம் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். ஹோட்டல் தட்டுக்குத்தான் கட்டுப்பாடு, பொட்டலத்துக்கு இல்லை! ஹோட்டல் பின்னாளில் மறுபடி திறந்தது. ஆனால் அதற்குள் பொட்டலம் தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. யக்ஞநாராயண மையாவின் மகன் சதானந்த மையா அதைப் பெரிய தொழிலாக வளர்த்தார்.

இந்த வியாபாரத்தில் அவர்கள்தான் முதல் என்று சொல்ல மாட்டேன். புனேயின் கிட்ஸ் கம்பெனி 1963-லேயே தொடங்கியது. அவர்களுடைய குலாப் ஜாமூன் மிக்ஸ் வடக்கே பெயர் வாங்கிற்று. ஆனால் நம்மவர்களின் சமையலறைக் கதவைத் திறந்தது லால்பாக் ரோடு பொட்டலம்தான். "எம்.டி.ஆர். ஹோட்டல்காரா பண்ணினது" என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஹோட்டலில் ஐம்பது வருஷமாகச் சேர்த்த நல்ல பெயரை மடித்துப் பொட்டலத்துக்குள் வைத்திருந்தார்கள்.

பொட்டலத்துக்குள் நடக்கும் ரசாயனம்

வீட்டு இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்பதை 1965-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆராய்ந்து வெளியிட்டார்கள். லூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவே முக்கிய காரணம் என்று கண்டார்கள். இது வெளியிலிருந்து வருவதல்ல. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருப்பது. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அமிலம் புளிப்பாகிறது, வாயு மாவைத் தூக்குகிறது.

பொட்டலத்தில் இந்த இரவு நேர வேலையைச் சோடா உப்பு இரண்டு நிமிஷத்தில் செய்கிறது. சோடா உப்பு என்பது சோடியம் பைகார்பனேட். தயிரின் லாக்டிக் அமிலமோ, பொட்டலத்தில் சேர்த்த சிட்ரிக் அமிலமோ அதோடு தண்ணீரில் சேர்ந்தவுடன் கரியமில வாயு கிளம்புகிறது. கணக்குப் பார்த்தால் 84 கிராம் சோடா உப்பிலிருந்து 22.4 லிட்டர் வாயு வரும். ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம், ஒரு லிட்டருக்கு மேல் வாயு தரும். மாவு நுரைப்பது இதனால்தான். கலந்து வைத்துவிட்டு டெலிபோனில் அரை மணி பேசினால் வாயு போய்விடும், இட்லி கல்லாகிவிடும்.

இந்த வித்தைக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதையும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப பேக்கிங் பவுடரையும் செய்தார். சோடாவும் அமிலமும் உலர்ந்த நிலையில் ஒன்றாக ஒரே டப்பாவில் சண்டை போடாமல் இருக்கும், தண்ணீர் பட்டால்தான் வேலையை ஆரம்பிக்கும் என்பதே அதன் அடிப்படை. நம் ரவா இட்லி மிக்ஸ் அதன் பேத்தி.

ரவையை வறுப்பதிலும் காரணம் இருக்கிறது. ஈரம் குறைகிறது, பூச்சி முட்டைகள் அழிகின்றன. ஈரம் புகாத பையில் அடைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ 1958-இல் செய்த நூடுல்ஸும் ஈரத்தைப் போக்கியதுதான். அவர் அதை எண்ணெயில் பொரித்துப் போக்கினார். நம் மைசூரிலும் இப்படிப்பட்ட வேலை நடந்தது. 1950-இல் அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. 1961-இல் ராணுவத்துக்கான உணவு ஆராய்ச்சிக் கூடம் வந்தது. பனிமலையில் காவல் நிற்கும் ஜவானுக்குச் சூடு பண்ணினால் போதும் என்ற உணவைக் கொடுக்க அங்கே ஆராய்ந்தார்கள். பையை மூடி, 121 டிகிரி சென்டிகிரேட் அளவில் அழுத்த நீராவியில் வேகவைப்பது அந்த முறை. பிறகு அந்தத் தொழில்நுட்பம் எம்.டி.ஆர். முதலிய கம்பெனிகளுக்கும் கிடைத்தது. பிஸிபேளா பாத் பையில் வருவது அப்படித்தான். அதில் பதப்படுத்தும் மருந்து சேர்க்க அவசியமே இல்லை, வெப்பமே போதும்.

அகத்துக்குள் கேட்காத கேள்வி

இதுவரை சொன்னது வெளியே இருந்து வந்ததைப் பற்றி. இப்போது அகத்துக்குள்ளே வருகிறேன்.

"யார் பண்ணினது?" என்று வாசலில் நின்று கேட்ட நாம், உள்ளே வந்து அதே கேள்வியை எப்போதாவது கேட்டோமா? நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் அகத்தில் பன்னிரண்டு பேர். இட்லிக்கு அரைத்தது அத்தைப்பாட்டி. பதினாறு வயதில் புக்ககத்திலிருந்து திரும்பி வந்தவர். மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால், குழவி நிற்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் காய்ப்பு இருந்தது. ஒரு வேளைச் சாப்பாடும் ஏகாதசிப் பட்டினியுமாக இருந்த அவர், தாம் அரைத்த மாவில் வார்த்த இட்லியை எத்தனை நாள் தின்றிருப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. "மாவு நன்னா வந்திருக்கு" என்று தாத்தா சொல்வார். அது மாவுக்குக் கிடைத்த பாராட்டு.

இப்படி ஓர் அத்தையோ பாட்டியோ இல்லாத அகம் அன்றைக்கு நம் சமூகத்தில் அபூர்வம். மடியும் ஆசாரமும் எல்லோர் பெயராலும் நடந்தன. அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் சில பேர்தான். நம் சமையலின் மேன்மையைப் பற்றி இந்த மாதிரி பத்திரிகைகளில் நாம் நிறைய எழுதுகிறோம். அதை அரைத்த கைகளைப் பற்றி எழுதியது குறைவு.

அந்தக் கைகளுக்கு முதலில் ஓய்வு கொடுத்தது பொட்டலம் அல்ல, இயந்திரம். கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-இல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். 1950-களின் இறுதியில் பிரஷர் குக்கர் வந்தது. அதன் பிறகு மிக்ஸி. கூட்டுக் குடும்பம் பிரிந்து, பிள்ளைகள் பம்பாய்க்கும் டில்லிக்கும் போய், மருமகளும் பாங்கிலும் செக்ரடேரியட்டிலும் வேலைக்குப் போன காலத்தில் பொட்டலம் வந்து சேர்ந்தது. காலையில் ஏழரை மணி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அது சோம்பேறித்தனம் அல்ல. அன்றைய தேவை. நானறிந்த ஒரு மாமி சொல்வார்: "பொட்டலத்தை ஏன் வாங்கறேன்னு கேக்கறவா, ஒரு நாள் ஆட்டுக்கல்லு முன்னாடி உக்காந்து பாக்கட்டும்." இதற்குப் பதில் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

பெயர் போய் லேபிள் வந்தது

2007-இல் எம்.டி.ஆரின் பொட்டல வியாபாரத்தை நார்வே நாட்டு ஓர்க்லா கம்பெனி சுமார் 350 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. ஹோட்டல் மட்டும் மையா குடும்பத்திடமே இருக்கிறது. "யார் பண்ணினது?" என்ற பழைய கேள்வியை அந்த வருஷம் கேட்டிருந்தால், பதில் ஆஸ்லோவிலிருந்து வந்திருக்க வேண்டும்! ஒரு அகத்திலாவது பொட்டலத்தைத் தூக்கி எறிந்ததாக நான் கேள்விப்படவில்லை. எறியத் தேவையும் இல்லை. ஏனென்றால் அதற்குள் பதில் சொல்லும் பொறுப்பு மூன்றாவது கைக்கு மாறிவிட்டது. முதலில் ஜாதி, அடுத்தது சமையலறை, இப்போது சட்டம்.

1954-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. சைவப் பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி போட வேண்டும் என்ற விதி 2001-இல் வந்தது. 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 ஆகஸ்டு முதல் அது பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பொட்டலத்தின் பின்பக்கத்தில் உள்ள 14 இலக்க லைசென்ஸ் எண்தான் இன்றைக்கு "யார் பண்ணினது?" என்பதற்குப் பதில். பிரச்சினை என்னவென்றால், பதில் இருக்கிறது, படிக்கிறவர் இல்லை.

படிப்பது கஷ்டம் அல்ல. ஐ.என்.எஸ். 500 என்றால் சோடா வகை உப்பு. 330 என்றால் சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. 621 என்றால் மோனோசோடியம் குளூட்டமேட். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி எழுதவேண்டும் என்பது விதி. ஆகவே நெய் என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டு, பின்பக்கப் பட்டியலில் அது கடைசியில் வந்தால் விஷயம் புரிந்துவிடும். நம் வயதினருக்கு ஒரு குறிப்பு: சோடா உப்பின் எடையில் நூற்றுக்கு 27 பங்கு சோடியம். சாப்பாட்டு உப்பு வேறு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பொட்டல இட்லியை வாரத்துக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டமும் முடிவான பதில் அல்ல. 2015 ஜூன் மாதம் மேகி நூடுல்ஸைக் கடைகளிலிருந்து எடுக்க மத்திய ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்டு 13-ஆம் தேதி பம்பாய் ஹைகோர்ட் அந்தத் தடையை ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வுக்கூடங்களில் மறுபரிசோதனை செய்யச் சொன்னது. நவம்பரில் அது கடைகளுக்குத் திரும்பிற்று. சோதனை செய்கிறவர்கள் யார், அவர்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்பதுதான் அதில் நமக்கு உள்ள பாடம்.

மலை மேலிருந்து ஒரு பாடம்

இதைவிடப் பெரிய பாடம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. திருமலை லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மடைப்பள்ளியில், இங்கே 'போட்டு' என்பார்கள், பரம்பரையாக வைஷ்ணவர்களே கைங்கரியம் செய்கிறார்கள். "யார் பண்ணினது?" என்று கேட்டால் உலகத்தில் இதைவிடத் திருப்தியான பதில் கிடையாது. அப்படியிருந்தும் 2024 செப்டம்பரில் அந்த லட்டுக்கு வந்த நெய்யைப் பற்றிக் கலப்படப் புகார் எழுந்து, நாடு முழுவதும் பக்தர்கள் மனம் கலங்கினார்கள். அக்டோபர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சுதந்திரமான சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. யார் மீது தவறு என்று சொல்வது நீதிமன்றங்களின் வேலை, நம் வேலை அல்ல. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பண்ணுகிற கை எவ்வளவு பரிசுத்தமாக இருந்தாலும், அந்தக் கைக்கு வரும் நெய்யை ஆய்வுக்கூடத்தில் சோதித்தே ஆக வேண்டும். பக்தியும் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல.

இப்போது காலம் இன்னொரு சுற்று வந்திருக்கிறது. 2005-இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி. என்ற கம்பெனி, அரைத்த ஈரமாவையே பையில் விற்று நாடெங்கும் பரவிற்று. லூகோனாஸ்டாக் மறுபடி வேலைக்கு வந்துவிட்டது! சிற்றூர்களிலும் வீட்டு கிரைண்டரில் அரைத்துக் கிலோ கணக்கில் மாவு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு குடும்பத்தின் படிப்புச் செலவு நடக்கிறது. அரைக்கும் கைக்குக் கூலி கிடைக்கிறது என்பது எங்கள் அத்தைப்பாட்டி காலத்தில் இல்லாத விஷயம்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். நம் பெரியவர்கள் கேட்ட கேள்வியை நாம் விட்டுவிட வேண்டாம். கொஞ்சம் திருத்திக் கேட்போம். கடையில் பொட்டலம் வாங்கும்போது ஜாதியையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, "எப்படிப் பண்ணினது, எதைப் போட்டுப் பண்ணினது, யார் சோதித்தது?" என்று பின்பக்கத்தைப் புரட்டிப் படிப்போம். பொட்டலமே வேண்டாம், அகத்திலேயே பண்ணிக்கொள்வோம் என்று முடிவு செய்கிற அன்று, "யார் பண்ணுவது?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அதற்குப் பதில் ஒவ்வொரு நாளும் ஒரே ஆளின் பெயராக இருந்தால், நாமும் எழுந்து போய் உளுந்தைக் களைந்து ஊறப்போடலாம்.